ஒரு விவசாய மாநிலம் நெஜமாவே மாறியிருக்கான்னு நாமளே கணக்கு போட்டு பாக்குறது எப்படி? பஞ்சாபை வச்சு பழகுவோம்

எக்கனாமிக்ஸ் ப்ராஜெக்ட் பண்ற புள்ளைங்க, குரூப் 1க்கு படிக்கிறவங்கன்னு நிறைய பேர் எங்கிட்ட எழுதினத கொண்டு வந்து காட்டுவாங்க, பாதிக்கு மேல பேப்பர்ல ஒரே வரிதான் இருக்கும். "மாநில வருமானத்தில் விவசாயத்தின் பங்கு குறைந்துள்ளது, சேவைத் துறையின் பங்கு உயர்ந்துள்ளது, எனவே மாநிலம் வளர்ச்சிப் பாதையில் உள்ளது." அந்த "எனவே"தான் எனக்கு பொறுக்க மாட்டேங்குது. விவசாயத்தோட பங்கு குறையறது எல்லா ஊர்லயும் நடக்கும், அது எதையும் நிரூபிக்காது. வயக்காட்ட விட்டு வந்த ஆளு எங்க போனான், போன எடத்துல முன்னவிட நல்லா சம்பாதிக்கிறானா, வயக்காட்டுலயே இருக்கிறவன் ஏன் இன்னும் இருக்கான், இது மூணுக்கும் பதில் இருந்தாத்தான் மாற்றம்னு சொல்லணும்.

இத பழகுறதுக்கு பஞ்சாப் மாதிரி ஒரு மாநிலம் கெடைக்காது. நாட்டோட நிலப்பரப்புல சுமார் 1.5 சதவீதம்தான் இருக்கும், ஆனா நாட்டுக்கே சோறு போட்ட மாநிலம், ஒரு காலத்துல பெரிய மாநிலங்கள்ல தலைக்கு வருமானத்துல முதலிடம். அந்த கதையில நம்ம ஆளுங்களுக்கும் பங்கு இருக்கு, பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் மத்திய விவசாய அமைச்சரா இருந்தப்பதான் 1966ல 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை எறக்குனாங்க, விஞ்ஞானி பக்கம் கும்பகோணத்துல பொறந்த எம்.எஸ். சுவாமிநாதன். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரில ஆரம்பிச்சப்ப மொத மாவட்ட ஆபீஸ் தஞ்சாவூர்லதான்.

முதல்ல டேட்டா. நாலே நாலு விஷயம் போதும், நாப்பது பக்கம் டவுன்லோடு பண்ணி குழம்ப வேணாம். துறைவாரியா மாநில மொத்த மதிப்புக் கூட்டல், அதாவது ஜிஎஸ்விஏ, ஒவ்வொரு துறையும் உண்டாக்குன மதிப்பு எவ்வளவுன்னு, இது மத்திய புள்ளியியல் அமைச்சகத்துலயும் ரிசர்வ் பேங்க் வெளியிடுற மாநிலங்கள் புள்ளிவிவரக் கையேட்டுலயும் கெடைக்கும். அடுத்தது எந்த துறையில எத்தன பேர் வேலை செய்றாங்கன்னு, 2011 வரைக்கும் சென்சஸ், 2017-18ல இருந்து பிஎல்எஃப்எஸ், அதாவது மத்திய அரசு எடுக்கிற தொழிலாளர் சர்வே. மூணாவது தலைக்கு வருமானம், ஆனா தனியா இல்ல, நாட்டு சராசரியோட சேத்து. நாலாவது நெலம், பயிர், தண்ணி.

டேட்டாவுல கால் வைக்கிறதுக்கு முன்னாடி சில பள்ளத்த சொல்லிடுறேன், நானே விழுந்து எழுந்தது. நடப்பு விலைல (அந்தந்த வருஷ வெலைல) ஒரு வருஷம் நிலையான விலைல (ஒரே ஒரு அடிப்படை ஆண்டோட வெலைல) ஒரு வருஷம்னு கலந்துடாதீங்க, பங்கு பாக்கணும்னா நடப்பு விலை, வளர்ச்சி வேகம் பாக்கணும்னா நிலையான விலை. அடிப்படை ஆண்டு மாறுற எடத்துல ரெண்டு சீரீஸயும் அப்படியே ஒட்ட வச்சா கோடு திடீர்னு குதிக்கும், அத பாத்துட்டு "இந்த ஆண்டில் பெரும் பாய்ச்சல்"னு எழுதுனவங்கள எனக்கு தெரியும். விவசாயத்துல ஒரு வருஷம் மழை பொய்க்கும் ஒரு வருஷம் கொட்டும், அதனால மூணு வருஷ சராசரி எடுத்துக்கங்க. "விவசாயம் மற்றும் சார்ந்த தொழில்"னு இருந்தா அதுக்குள்ள மாடு, பால், மீன், காடு எல்லாம் இருக்கு, பஞ்சாப்ல பாலும் மாடும் பெரிய பங்கு, பயிர மட்டும் பேசுறீங்கன்னா பிரிச்சு எடுக்கணும். பஞ்சாப்புக்கே உள்ள இன்னொரு பள்ளம், 1966 நவம்பர் 1 அன்னைக்கு ஹரியானா தனியா போச்சு, மலைப்பகுதி ஹிமாச்சலுக்கு போச்சு, அதனால 1960ன்னு போட்டிருக்கிற நம்பர் பழைய பெரிய பஞ்சாபோடதா இல்ல இப்ப இருக்கிற எல்லைக்கு திருப்பி கணக்கிட்டதான்னு அடிக்குறிப்ப படிக்காம எடுத்துடாதீங்க.

இப்ப மொத கணக்கு. தலைக்கு வருமானத்த நாட்டு சராசரிக்கு எத்தன சதவீதம்னு மாத்துங்க. மாநிலத்தோட வருமானம் ரூபாயில ஏறிக்கிட்டேதான் இருக்கும், அது பொதுவா எல்லாருக்கும் ஏறும், மத்தவங்களோட ஓடுறோமா பின்தங்குறோமான்னு இந்த சதவீதம்தான் காட்டும். பஞ்சாப் 1960-61ல சுமார் 120, பசுமைப் புரட்சி புடிச்ச வேகத்துல 1970-71ல 169, அப்புறம் எறங்கி எறங்கி 2023-24ல சுமார் 107. நாட்டோட மொத்த ஜிடிபில பஞ்சாபோட பங்கு 1990-91ல 4.3 சதவீதம், 2023-24ல 2.4. ஏறுன வேகம் எவ்வளவுன்னு பாருங்க, பத்தே வருஷத்துல அம்பது புள்ளி, ஆனா அந்த ஏத்தம் மொத்தமும் விவசாயம்ங்கிற ஒரே ஒரு விஷயத்து மேல நின்னுச்சு.

ரெண்டாவது கணக்குதான் இந்த மொத்த விஷயத்துக்கும் உயிர், இத மட்டும் பொறுமையா படிங்க. விவசாயத்தோட வருமானப் பங்க விவசாயத்துல இருக்கிற ஆளுங்களோட பங்கால வகுங்க. 2011 வாக்குல இந்தியா முழுக்க எடுத்தா, வருமானத்துல விவசாயம் 18.5 சதவீதம், ஆளுங்கள்ல 54.6 சதவீதம். 18.5ஐ 54.6ஆல வகுத்தா 0.34. மத்த துறை எல்லாம் சேத்து 81.5ஐ 45.4ஆல வகுத்தா 1.8. அதாவது வயக்காட்டுல ஒரு ஆளு உண்டாக்குறத விட வெளிய ஒரு ஆளு அஞ்சு மடங்குக்கு மேல உண்டாக்குறான், அதனாலதான் "விவசாயத்துல இருந்து ஆள வெளிய கொண்டு வாங்க, நாடு வளரும்"னு சொல்றாங்க, பொருளியல் அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954ல சொன்னதும் இந்த அடிப்படைலதான்.

அதையே பஞ்சாப்புக்கு போடுங்க. 2011 சென்சஸ்ல விவசாயியும் விவசாயக் கூலியும் சேந்து சுமார் 36 சதவீதம், 1971ல இது 63 சதவீதத்துக்கு கிட்ட இருந்துச்சு. அதே 2011 வாக்குல வருமானத்துல விவசாயத்தோட பங்கு சுமார் 30. முப்பத முப்பத்தாறால வகுத்தா 0.83. வெளிய எழுபத அறுபத்துநாலால வகுத்தா 1.09. இடைவெளி வெறும் 1.3 மடங்கு!

எனக்கு மொத தடவை இந்த நம்பர் வந்தப்ப எக்செல்ல எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சு மறுபடி போட்டேன், அதேதான் வந்துச்சு. இதோட அர்த்தம் என்னன்னா, பஞ்சாப்ல வயக்காட்டுல இருக்கிறவன் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆளு இல்ல, அவனோட உழைப்புக்கு வெளிய இருக்கிறவன் உழைப்புக்கு கிட்டத்தட்ட சமமான மதிப்பு இருக்கு. ஒரு பக்கம் பாத்தா இது பெருமை, விவசாயம் அவ்வளவு நல்லா நடக்குது. இன்னொரு பக்கம் பாத்தா, வெளிய இருக்கிற வேலை அவ்வளவு சாதாரணமா இருக்கு, ஒரு விவசாயி மகன இழுக்கிற அளவுக்கு அங்க ஒண்ணும் பெருசா வளரல. இந்த ரெண்டும் ஒண்ணா சேந்ததுதான் பஞ்சாபோட பிரச்சனைன்னு நான் நம்புறேன். பீகார் மாதிரி ஒரு மாநிலத்துக்கு எழுதுற மருந்த இங்க எழுதுனா வேலை செய்யாது.

ஒரு எச்சரிக்கை, இது சராசரி. நெலம் வச்சிருக்கிறவனும் கூலிக்கு போறவனும் ஒரே கூடைல இருக்காங்க. 2015-16 விவசாய சென்சஸ்படி பஞ்சாப்ல ஒரு கைப்பற்று, அதாவது ஒருத்தர் சாகுபடி பண்ற மொத்த நெலம், சராசரி 3.62 ஹெக்டேர், நாட்டுக்கு 1.08, நம்ம தமிழ்நாட்டுக்கு 0.75. சொந்தமா ஒரு செண்ட் இல்லாத தலித் குடும்பங்கள் அங்க ஏராளம், அவங்களுக்கு இந்த 0.83 பொருந்தாது. எழுதும்போது இத ஒரு வரியாவது கண்டிப்பா சொல்லுங்க, சராசரிக்குள்ள ஆளுங்கள பொதைச்சுடாதீங்க.

மூணாவதா வயக்காட்டுக்குள்ள எறங்கணும். துறை மாற்றம்னா விவசாயத்துல இருந்து தொழிற்சாலைக்கு போறது மட்டும் இல்ல, நெல்லுல இருந்து காய்கறிக்கு, பாலுக்கு, பழத்துக்கு போறதும் மாற்றம்தான். பஞ்சாப்ல நடந்தது இதுக்கு நேர் எதிர். 1960-61ல நெல்லு வெறும் 2.27 லட்சம் ஹெக்டேர், இப்ப 30 லட்சத்துக்கு மேல. கடலை, பருப்பு, சோளம், மக்காச்சோளம் எல்லாம் ஓரங்கட்டப்பட்டு கோதுமை நெல்லு, நெல்லு கோதுமைன்னு ஒரே சுத்து. இது அவங்க சாப்பாடும் இல்ல, அங்க ரொட்டிதான், நெல்லு பெரும்பாலும் மத்திய தொகுப்புக்காக, அதாவது ரேஷனுக்கு மத்திய அரசு வாங்கி சேக்குறதுக்காக வெளையுறது.

ஏன் மாறலன்னு புரியணும்னா மண்டிய பாக்கணும். ஒரு அக்டோபர்ல லூதியானாவுக்கு பக்கத்துல கன்னா தானிய மண்டிக்கு போயிருந்தேன், ஆசியாவுலயே பெருசுன்னு சொல்லுவாங்க. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் நெல்லுக் குவியல், ட்ராலி வந்து கொட்டுது, மின்விசிறி வச்ச மெஷின்ல பதர் பறக்குது, பீகார்ல இருந்து வந்த ஆளுங்க அள்ளி அள்ளி போடுறாங்க. ஒருத்தர் ஈரப்பதம் பாக்குற மீட்டர்ல ஒரு கைப்புடி நெல்ல போட்டு பாத்தாரு, 17 சதவீதத்துக்குள்ள வந்தா சரி, நம்ம டெல்டா கொள்முதல் நிலையத்துல நின்னவங்களுக்கு இந்த 17 நல்லா தெரியும். 37.5 கிலோ மூட்டையா தச்சு அடுக்குறாங்க. கடை வாசல்ல ஒரு மேசை, அதுல ஆர்த்தியா, நம்ம பாஷைல கமிஷன் மண்டிக்காரர், வித்ததுக்கு ஜே ஃபார்ம்னு ஒரு ரசீது போட்டு குடுக்குறாரு. ஒரு பெரியவர்கிட்ட ஏன் மக்காச்சோளம் போடலன்னு கேட்டேன். "போட்டா யார் வாங்குவா சொல்லு புத்தர் (பஞ்சாபில மகனேன்னு அர்த்தம்), இத கொட்டுனா இன்னைக்கே எடை போட்டுருவான்"னாரு.

அவர் சொன்னத கணக்கா மாத்துங்க, இப்படித்தான் செய்யணும். 2024-25ல ஏ கிரேட் நெல்லுக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,320 ரூபா. ஏக்கருக்கு சுமாரா 28 குவிண்டால்னு வச்சா ஏறக்கொறைய 65,000 ரூபா, அதுவும் அரசாங்கமே வாங்கிக்கும். மக்காச்சோளத்துக்கு அதே வருஷம் 2,225ன்னு அறிவிச்சாங்க, ஏக்கருக்கு சுமார் 15 குவிண்டால், அறிவிச்ச வெலையே கெடைச்சாலும் 33,000 சொச்சம்தான், ஆனா வாங்க அரசாங்கம் வராது, தனியார் வியாபாரி சொல்றதுதான் வெலை. இதுல தண்ணி எறைக்க கரண்டும் 1997லயே இலவசமாச்சு. நீங்களா இருந்தா எத போடுவீங்க? விவசாயப் பொருளியல் அறிஞர் எஸ்.எஸ். ஜோல் தலைமையில கமிட்டி 1986லயே சொல்லிடுச்சு, நெல்லு கோதுமைல இருந்து 20 சதவீத நெலத்த வேற பயிருக்கு மாத்துங்கன்னு. நாப்பது வருஷம் ஆகப்போகுது. விவசாயி புரிஞ்சுக்க மாட்டேங்குறான்னு எழுதுறவங்க மேல எனக்கு கோவம் வரும், அவன் நம்மள விட நல்லா கணக்கு போட்டிருக்கான்.

அடுத்தது இதே ஓட்டம் எப்ப தளந்துச்சுன்னு பாக்கணும். கோதுமை ஹெக்டேருக்கு 1960-61ல 1,244 கிலோ, பத்து வருஷத்துல 2,238, இப்ப நல்ல வருஷத்துல 5,000ஐ தொடும். ஏற்கனவே உச்சில இருக்கிறவன் இன்னும் எவ்வளவு ஏறுவான்? அதனால விவசாய வளர்ச்சி 1980கள் நடுப்பகுதி வரைக்கும் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல இருந்தது, 2005க்கு அப்புறம் ஒரு பத்து வருஷம் 2 சதவீதத்துக்கும் கீழ போயிடுச்சு. பாசனம் கிட்டத்தட்ட முழு நெலத்துக்கும் வந்தாச்சு, வருஷத்துக்கு ரெண்டு போகம் எடுத்தாச்சு, நல்ல விதை போட்டாச்சு. ஏத்துறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல.

இப்ப வெளிய வந்த ஆளுங்கள தேடுவோம். இதுக்கு ஒரு சின்ன கணக்கு சொல்றேன், நம்பர் நான் போட்டதுதான், புரியறதுக்காக. நூறு ஆளு, 60 பேர் வயக்காட்டுல தலைக்கு 1 ரூபா உண்டாக்குறாங்க, 40 பேர் வெளிய தலைக்கு 3. மொத்தம் 180, சராசரி 1.8. அப்புறம் 20 பேர் வெளிய வந்துட்டாங்க, வயக்காட்டுல மிச்சம் 40 பேரே பழைய 60 ரூபாயயும் எடுத்துடுறாங்க, அதாவது தலைக்கு 1.5, வெளிய 60 பேர் தலைக்கு 3. மொத்தம் 240, சராசரி 2.4. கூடுன 0.6ல பாதி வயக்காட்டுக்குள்ளயே உற்பத்தித்திறன் கூடுனதால வந்தது, பாதி ஆளு நல்ல எடத்துக்கு மாறுனதால வந்தது. இதே 20 பேரும் 3 ரூபா வேலைக்கு போகாம கட்டட வேலை, ஆட்டோ, சின்ன கடைன்னு 1.5 ரூபா வேலைக்கு போயிருந்தா? மொத்தம் 210, சராசரி 2.1தான். ரெண்டு கேஸ்லயும் "விவசாயத்தில் உள்ள ஆளுங்க 60ல இருந்து 40ஆக குறைந்தனர்"னு ஒரே வரிதான் எழுத முடியும், ஆனா பலன் பாதிக்கு பாதி. அதனால உங்க டேபிள்ல "விவசாயம் அல்லாதது"ன்னு ஒரே பெட்டியா போடாம உற்பத்தி, கட்டுமானம், வியாபாரம், போக்குவரத்து, மத்த சேவைன்னு ஒடச்சு போடுங்க.

பஞ்சாப்ல தொழிலே இல்லாம இல்ல. லூதியானா சைக்கிளும் ஸ்வெட்டரும், ஜலந்தர்ல 1947ல சியால்கோட்ல இருந்து ஓடிவந்த ஆளுங்க ஆரம்பிச்ச விளையாட்டு சாமான், பட்டாலா வார்ப்படப் பட்டறை, மண்டி கோபிந்த்கர் இரும்பு உருக்காலை. கைத்தெறமைக்கு கொறையே இல்ல. ஆனா பெரும்பாலும் சின்ன சின்ன யூனிட்டாவே நின்னுடுச்சு. எல்லை மாநிலம், தொறைமுகம் ரொம்ப தூரம், 1980கள்ல இருந்து 90கள் தொடக்கம் வரைக்கும் தீவிரவாதமும் அடக்குமுறையும் சேந்து எத்தனையோ குடும்பத்த அழிச்சுது, அந்த நேரத்துல யாரு வந்து ஃபேக்டரி போடுவா. 2003ல ஹிமாச்சலுக்கும் உத்தராகண்டுக்கும் வரிச்சலுகை வந்ததும் எல்லைய தாண்டுனா ஹிமாச்சல்ல பத்தி (Baddi)ன்னு ஊரு, யூனிட் எல்லாம் அங்க போச்சு. படிச்ச புள்ளைங்களுக்கு வாசல் கனடாதான், சின்ன டவுன்லயும் வெளிநாடு போறதுக்கான இங்கிலீஷ் பரீட்சை ஐஇஎல்டிஎஸ் சென்டர் போர்டு வரிசையா தொங்கும்.

காரணம் இத்தன அடுக்குனா எது நெஜம்னு கேப்பீங்க, அதுக்குத்தான் ஒப்பிட ஒரு கூட்டாளி மாநிலம் வேணும். அத கண்ணமூடிட்டு எடுக்கக்கூடாது, ஆரம்பம் ஒண்ணா இருக்கணும். பஞ்சாப்புக்கு ஹரியானா. 1966 வரைக்கும் ஒரே மாநிலம், அதே கோதுமை, அதே நெல்லு, அதே மண்டி, அதுக்கும் தொறைமுகம் இல்ல. ஆனா 2023-24ல தலைக்கு வருமானம் நாட்டு சராசரிக்கு சுமார் 177. வித்தியாசம் டெல்லி பக்கத்துல இருக்கிறது, 1983ல குர்கான்ல மாருதி கார் வெளிய வந்தது, அத சுத்தி வந்த உதிரிபாக கம்பெனிங்க, அப்புறம் ஆபீஸ் கட்டடங்க. அதனால "நெல்லு கோதுமை ஆதரவு விலைதான் பஞ்சாப கெடுத்துச்சு"ன்னு மட்டும் சொல்ல முடியாது, ஹரியானாவுக்கும் அது இருந்துச்சே. அதே மாதிரி இலவச கரண்ட்தான் காரணம்னு எழுதுறீங்கன்னா தமிழ்நாட்ட பாருங்க, இங்க பஞ்சாப்புக்கு முன்னாடியே, 1990 வாக்குலயே விவசாயிக்கு இலவச மின்சாரம் வந்தாச்சு, ஆனா அதே 2023-24ல நாம சுமார் 171ல இருந்தோம். கரண்ட் தண்ணிய காலி பண்ணுச்சுன்னு சொல்லுங்க, அது சரி. தொழில் வராம தடுத்தது கரண்ட்னு சொல்லாதீங்க.

தண்ணின்னு சொன்னதும் கடைசி பத்தி நெனப்பு வருது, எல்லாரும் விட்டுடுற பத்தி. ஜிஎஸ்விஏவுல வரவு மட்டும்தான் இருக்கும், மண்ணுக்கடில இருந்து எடுத்தது செலவா வராது. பஞ்சாப்ல வருஷா வருஷம் ஊறுற நிலத்தடி நீர விட ஒன்றரை மடங்குக்கு மேல உறிஞ்சுறாங்க, ஒரு கிலோ அரிசிக்கு சுமார் 5,000 லிட்டர். இத கட்டுப்படுத்த 2009ல சட்டம் போட்டாங்க, ஜூன் 10க்கு முன்னாடி நாத்து நடக்கூடாதுன்னு. தண்ணி கொஞ்சம் மிஞ்சுச்சு, ஆனா அறுப்பு தள்ளிப்போச்சு, அறுத்து முடிச்சு கோதுமை வெதைக்க ரெண்டு மூணு வாரம்தான் கையில, மெஷின் அறுத்த தாள அள்ள நேரமில்ல, தீ வைக்கிறாங்க, நவம்பர்ல டெல்லி வரைக்கும் பொகை. கரண்ட் மானியம் வருஷத்துக்கு பல ஆயிரம் கோடி, அதனால பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் கை கட்டிப்போகுது. உங்க ப்ராஜெக்ட்ல வளர்ச்சி டேபிளுக்கு பக்கத்துலயே நிலத்தடி நீர் டேபிளையும் வைங்க, தனி அத்தியாயத்துல சுற்றுச்சூழல்னு ஒதுக்கி வைக்காதீங்க.

பிஎல்எஃப்எஸ் எடுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 2018-19ல நாட்டுல விவசாயத்துல இருந்தவங்க 42.5 சதவீதம், கொரோனா வந்து 2020-21ல 46.5 ஆச்சு, அப்புறமும் பழைய எடத்துக்கு எறங்கல. இத பாத்துட்டு விவசாயம் செழிச்சுடுச்சுன்னு எழுதிடாதீங்க, ஆம்பள பொம்பள தனித்தனியா பிரிச்சு பாருங்க, சம்பளம் இல்லாம குடும்பத்துக்காக உழைக்கிற பொம்பளைங்க எண்ணிக்கை அதுல எவ்வளவு கூடியிருக்குன்னு தெரியும். அப்புறம் "வழக்கமான நிலை"ன்னு (ஒரு வருஷத்த வச்சு) ஒரு அளவு, "நடப்பு வார நிலை"ன்னு (போன ஏழு நாள வச்சு) ஒரு அளவு இருக்கு, ரெண்டையும் கலக்காதீங்க.

பஞ்சாப்ல கை பழகிட்டா சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஆந்திரான்னு எத வேணா எடுக்கலாம், நம்ம டெல்டா மாவட்டத்தையே எடுக்கலாம், மாவட்ட அளவு வருமானக் கணக்கு மாநில பொருளியல் புள்ளியியல் துறைகிட்ட இருக்கு. ஆளுங்க கணக்குக்கு மட்டும் சென்சஸ்தான் கதி, பிஎல்எஃப்எஸ் சாம்பிள் ஒரு மாவட்டத்துக்கு தாங்காது. நீங்க போட்ட எக்செல்ல அந்த 0.83, 1.09 மாதிரி ரெண்டு நம்பர் வந்ததும் அதுக்கு பக்கத்து கட்டத்துல "இது ஏன்?"னு ஒரு வரி எழுதிட்டு ஒரு தடவையாச்சும் அறுப்பு நேரத்துல கொள்முதல் நிலையத்துக்கு போய் நில்லுங்க, காலைல ஏழு மணிக்கு போனா எடை போடுறதுக்கு முன்னாடி எல்லாரும் சும்மா உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க.